பேட்டரி எவ்வளவு வேகமாக முன்னேறுகிறது? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் இன்வெர்ட்டர் பேட்டரியும் மின்சார ஸ்கூட்டர் பேட்டரியும் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவர்களிடம், பொருள் வாங்க வருகிறவர்களைவிடச் சந்தேகம் கேட்க வருகிறவர்கள் அதிகம். எங்கள் கடையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே இருக்கின்றன. கணக்கு வரும் இடத்தில் கணக்கையும் எழுதியிருக்கிறேன். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

பேட்டரி வேகமாக முன்னேறுகிறதா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது, இரண்டு எண்களில் முடியும். 1991-ல் சோனி நிறுவனம் முதல் லித்தியம்-அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது ஒரு கிலோ எடையுள்ள செல்லில் (பேட்டரிக்குள் இருக்கும் ஒற்றை அலகுதான் செல்) சுமார் 80 வாட்-மணி அடங்கியது. இன்றைய நல்ல செல்லில் 280 வரை அடங்குகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து மூன்றரை மடங்கு. ஆண்டுக்கு நாலு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விலை. மின் கட்டணத்தில் வருகிற அதே யூனிட்டை, அதாவது ஆயிரம் வாட்-மணியைச் சேமிக்கும் லித்தியம் பேட்டரித் தொகுப்பு 2010-ல் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. ப்ளூம்பெர்க்கின் எரிசக்தி ஆய்வுப் பிரிவு ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குப்படி 2024-ல் அது 115 டாலர். ஆண்டுக்குப் பதினைந்து சதவீத அளவில் இறங்கியிருக்கிறது.

ஆக, எடைக்கு எவ்வளவு என்று பார்த்தால் மெதுவாகத்தான் நடக்கிறது. காசுக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஓடுகிறது. “ஒன்றும் மாறவில்லையே” என்பவரும் “உலகமே மாறிவிட்டது” என்பவரும் வேறு வேறு எண்ணைப் பார்த்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் சிப் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானதே, பேட்டரி ஏன் அப்படி ஆவதில்லை?

சிப்பில் உள்ள டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினாலும் அது அதே வேலையைச் செய்யும். பேட்டரியில் வேலை செய்வது அணுவேதான். அதைச் சிறிதாக்க முடியாது. ஒரு லித்தியம் அணு ஓர் எலக்ட்ரானைத்தான் தரும். அந்த லித்தியத்தைத் தங்கவைக்கும் கிராஃபைட்டில் ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம்தான் இடம் பிடிக்கும். இதனால் ஒரு கிராம் கிராஃபைட்டுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி என்பது இயற்கை போட்ட உச்சவரம்பு. தொழிற்சாலைகள் அந்த உச்சத்தை ஏறக்குறைய எட்டிவிட்டன. அதற்கு மேல் போக வேண்டுமானால் பொருளையே மாற்ற வேண்டும்.

மாற்றிப் பார்க்காமல் இல்லை. சிலிக்கான் ஏறத்தாழ பத்து மடங்கு லித்தியத்தை உள்வாங்கும். உள்வாங்கும்போது மூன்று மடங்கு அளவில் வீங்கி, வெளியேறும்போது சுருங்கி, நூறு தடவை இப்படி ஆனதும் நொறுங்கிப்போகும். அதனால் கிராஃபைட்டோடு சில சதவீதம் மட்டும் கலந்து விற்கிறார்கள். பேட்டரித் தொழிலில் கொண்டாடப்படும் பொருள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு தொல்லை நிற்கும்.

மொபைல் ஏன் இன்னும் ஒரு நாள்தான் தாங்குகிறது?

பேட்டரி வளர்ந்தது, செலவும் கூடவே வளர்ந்தது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் 1,500 மில்லி ஆம்பியர்-மணி இருந்த போனில் இன்று 5,000 இருக்கிறது. திரையும் படமும் அதை விழுங்கிவிடுகின்றன. பொத்தான் வைத்த பழைய மாடல் போனில் இன்றைய பேட்டரியைப் போட்டால் வாரக்கணக்கில் தாங்கும்.

மாதத்துக்கு ஒரு “பேட்டரிப் புரட்சி” செய்தி வருகிறது. அவை எல்லாம் எங்கே போகின்றன?

பெரும்பாலானவை எங்கேயும் போவதில்லை. ஆய்வகத்தில் சட்டைப் பொத்தான் அளவு செல் ஒன்றைச் செய்து, ஒரே ஒரு எண்ணில் சாதனை காட்டினால் செய்தி வந்துவிடும். ஆனால் பேட்டரி ஒரே சமயத்தில் ஏழெட்டுப் பரீட்சைகளில் தேற வேண்டும்: எடை, இடம், விலை, ஆயுள், சார்ஜ் ஏறும் வேகம், வெயில், குளிர், தீப்பிடிக்காமை. ஒன்றில் நூறு வாங்கி இன்னொன்றில் பூஜ்யம் வாங்கினால் தொழிற்சாலைப் பக்கம் போக முடியாது.

இப்படிப்பட்ட செய்தியைப் படித்தால் நான் பார்ப்பது மூன்றே விஷயம். எத்தனை தடவை சார்ஜ் ஏற்றி இறக்கினார்கள்? செல் எவ்வளவு பெரியது? எந்த வெப்பநிலையில்? மூன்றும் எழுதப்படாத செய்தி என்றால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

நிஜமாகவே தேறியவையும் நேரம் எடுத்துக்கொண்டன. முதல் லித்தியம்-அயன் பேட்டரிகளின் முக்கியப் பொருளான லித்தியம் கோபால்ட் ஆக்சைடு 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவிடமிருந்து வந்தது. 1985-ல் ஜப்பானில் அகிரா யோஷினோ பாதுகாப்பான மாதிரியைச் செய்தார். கடைக்கு வந்தது 1991-ல். இவர்களோடு, 1970-களில் எக்ஸான் நிறுவனத்தில் அடித்தளம் போட்ட ஸ்டான்லி விட்டிங்ஹாமுக்கும் சேர்த்து நோபல் பரிசு வந்தது 2019-ல். அப்போது குட்இனஃபுக்கு வயது 97.

அப்படியானால் விலை எப்படி இவ்வளவு இறங்கியது? சீனாக்காரர்கள் மலிவாகச் செய்வதால்தானே?

பாதிப் பதில் அது. எந்தப் பொருளையும் மொத்தமாகச் செய்யச் செய்ய, செய்தவரின் கை தேறி, செலவு குறையும் என்று 1936-லேயே விமானத் தொழிற்சாலைகளைப் பார்த்து தியோடர் ரைட் எழுதினார். பேட்டரியிலும் அதுவே நடக்கிறது. இதுவரை செய்த மொத்த அளவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது.

மீதிப் பதில்தான் எனக்கு அதிகம் பிடித்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்த விலை இறக்கத்தைப் பிரித்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் ஆராய்ச்சியால் வந்தது, அதிலும் பெரும்பகுதி வேதியியலிலும் பொருள் அறிவியலிலும் நடந்தது என்று கண்டார்கள். ஆனால் அந்த ஆராய்ச்சி எதுவும் தலைப்புச் செய்தி ஆனதில்லை. செல்லுக்குள் இருக்கும் திரவத்தில் அரைக்கால் சதவீதம் ஒரு சேர்மானம், இடையில் வைக்கும் சவ்வைக் கொஞ்சம் மெல்லிதாக்குவது, கோபால்ட்டைச் சிறிது சிறிதாகக் குறைப்பது, செல்லைப் பெரிதாக்கி வெளிக்கூட்டின் எடையைக் குறைப்பது என்று ஆயிரம் சில்லறை வேலைகள். வாசலில் பட்டாசு வெடிக்கிற சத்தம் எங்கோ கேட்டுக்கொண்டிருக்க, முன்னேற்றம் கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஸ்கூட்டர் விளம்பரத்தில் எல்.எஃப்.பி. என்கிறார்களே, அது என்ன?

லித்தியம், இரும்பு, பாஸ்பேட். எடைக்குக் கொஞ்சம் குறைவாகச் சேமிக்கும். ஆனால் நிக்கலும் கோபால்ட்டும் தேவையில்லை, சூட்டில் எளிதில் சீறாது, ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும். இன்று உலகில் மின்சாரக் கார்களில் ஏறும் பேட்டரிகளில் ஏறக்குறைய பாதி இந்த வகைதான்.

இது புதிய சரக்கு அல்ல. 1997-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃப் குழு வெளியிட்டது. ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் அக்ஷய பாதி என்ற இந்தியருடையது. மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத பொருள் என்று பலரும் அப்போது ஒதுக்கினார்கள். துகளைப் பொடியாக்கி மேலே கரிப் பூச்சுப் பூசியதும் அது வழிக்கு வந்தது.

இதற்கு முந்தைய படி நம்மவர் ஒருவருடையது என்பதைச் சேலத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தென் தமிழகத்து அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களில் குட்இனஃபோடு சேர்ந்து, சல்பேட் போன்ற தொகுதிகள் உள்ள இரும்புச் சேர்மங்களில் மின்னழுத்தம் கூடுவதைக் காட்டினார். அந்த வழியில் போய்த்தான் பாஸ்பேட் கிடைத்தது. 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் குட்இனஃபின் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் இவரே.

வீட்டு இன்வெர்ட்டருக்கு டியூபுலர் போடலாமா, லித்தியம் போடலாமா?

பலரும் ஏமாறும் இடம் ஆம்பியர்-மணி. டியூபுலர் என்பது ஈய-அமில பேட்டரியில் ஒரு வகை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் என்றால், இரண்டையும் பெருக்க, காகிதத்தில் 1.8 யூனிட். ஆனால் ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் ஆயுள் குறையும். எனவே கையில் இருப்பது 0.9 யூனிட்தான். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி எல்.எஃப்.பி.யில் 1.28 யூனிட் இருக்கிறது; அதில் தொண்ணூறு சதவீதத்தைக் கவலையில்லாமல் எடுக்கலாம். அதாவது 1.15 யூனிட். “நூறுதானே, நூற்றைம்பதைவிடக் குறைவுதானே” என்று சொல்லிப் பெரியதைத் தூக்கிக்கொண்டு போகிறவர், உண்மையில் சிறியதை வாங்கிக்கொண்டு போகிறார். எடையும் முன்னது ஐம்பத்தைந்து அறுபது கிலோ, பின்னது பன்னிரண்டு கிலோவுக்குள்.

ஆனாலும் எல்லோருக்கும் லித்தியம் என்று சொல்லமாட்டேன். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் கரண்ட் போகிற வீட்டுக்கு ஆயிரக்கணக்கான சார்ஜ் தாங்கும் பேட்டரி எதற்கு? தண்ணீர் பார்த்து ஊற்றுகிற பழக்கம் இருந்தால் டியூபுலரே போதும். கஸ்டன் பிளாண்டே 1859-ல் கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரி இன்னும் சாகாததற்கு இதுவே காரணம். கூரையில் சோலார் வைத்து தினமும் இரவு பேட்டரியில் ஓட்டுகிறவர் என்றால் மறுபேச்சில்லாமல் லித்தியம். பழைய இன்வெர்ட்டர் லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜ் தருமா என்பதை மட்டும் முதலில் பார்க்க வேண்டும்.

அம்மாப்பேட்டையில் நான்கு விசைத்தறி வைத்திருக்கிறேன். பேட்டரியில் ஓட்ட முடியுமா?

தறிக்கு ஒரு குதிரைத்திறன் என்றால் நான்குக்கும் மூன்று கிலோவாட். எட்டு மணி நேரத்துக்கு 24 யூனிட். மேலே சொன்ன உலக சராசரி விலையில் இந்த அளவுப் பேட்டரி 2010-ல் 24,000 டாலருக்கு மேல். 2024-ல் 2,800 டாலருக்குள். இது கார் தொழிற்சாலைகள் மொத்தமாக வாங்கும் விலையும் கலந்த சராசரி. உங்கள் கைக்கு வரும்போது இன்வெர்ட்டர், வரி, கடைக்காரன் லாபம் எல்லாம் ஏறும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்துக்கு ஏற்ற இன்வெர்ட்டர் தனிச் செலவு. இன்றைக்கு முழு நாளும் ஓட்டுவது கட்டாது. ஒரு மணி நேர மின்தடையில் பாவு அறாமல் காப்பாற்றிக்கொள்வது கட்டும். பத்து வருடத்துக்கு முன் இந்தக் கேள்வியையே யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

சேலத்து வெயில் பேட்டரியை என்ன செய்யும்?

கெடுக்கும். ஈய-அமில பேட்டரிக்குப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. நாற்பது டிகிரி தொடும் ஊரில் மேற்குச் சுவர் ஓரம், மொட்டைமாடித் தகரக் கொட்டகை, சமையலறைப் பரண் ஆகியவை பேட்டரி வைக்கும் இடங்கள் அல்ல. லித்தியமும் சூட்டில் மூப்படையும். நூறு சதவீதம் ஏற்றி வெயிலில் நிறுத்தி வைப்பது இன்னும் மோசம். வெயிலில் ஓட்டி வந்த ஸ்கூட்டரை வந்ததும் சார்ஜ் போடாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்று எச்சரிக்கை அட்டையில் படித்துவிட்டு டிசம்பரில் பயந்து வருகிறார்கள். சேர்வராயன் மலைக் குளிர் பேட்டரிக்குச் சுகமான குளிர்தான்.

மின்சார ஸ்கூட்டரில் ஏற்காடு ஏற முடியுமா?

முடியும். எவ்வளவு சார்ஜ் வேண்டும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஸ்கூட்டர் 120 கிலோ, இரண்டு பேர் 130 கிலோ, மொத்தம் 250. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் 1,200 மீட்டர் அளவில். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 0.8 யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவதைச் சேர்த்தால் ஒரு யூனிட். முப்பது கிலோமீட்டர் உருளுவதற்கு இன்னொரு அரை யூனிட். ஆக ஒன்றரை. மூன்று யூனிட் பேட்டரி என்றால் பாதிச் சார்ஜில் மேலே போய்விடலாம். இரண்டு யூனிட் என்றால் முக்கால் பங்கு காலி. ஓட்டிவிட்டு வருகிறவர்கள் “மலையில் மைலேஜ் ஏமாற்றுகிறது” என்கிறார்கள். ஏமாற்றுவது புவியீர்ப்பு, அதற்கு உத்தரவாத அட்டை கிடையாது.

இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மோட்டார் மூச்சு விடாமல் இழுப்பதால் சூடு ஏறி, வண்டியே சக்தியைக் குறைத்துக்கொள்ளலாம். அது பழுது அல்ல. ஓரமாக நிறுத்தினால் சரியாகும்.

இறங்கும்போது ஒரு விஷயம். பிரேக்கில் மின்சாரத்தைத் திரும்பப் பெறும் வசதி உள்ள வண்டி என்றால், மேலே விடுதியில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். நிரம்பிய பேட்டரியால் எதையும் வாங்கிக்கொள்ள முடியாது. அந்தப் பிடிப்பு கிடைக்காமல் அடிவாரம் வரை சாதா பிரேக்கையே நம்ப வேண்டியிருக்கும். எண்பதில் கிளம்புங்கள்.

ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஆகும் கார் வந்துவிட்டதாமே?

2025 மார்ச்சில் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டர் என்று அறிவித்தது. அந்தச் சார்ஜரின் சக்தி ஆயிரம் கிலோவாட். வீட்டுக்கு ஐந்து கிலோவாட் என்றால் இருநூறு வீடுகள் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரம் ஒரு வண்டிக்குள் போகிறது. செல் தயார், தெரு டிரான்ஸ்ஃபார்மர் தயாரா என்பதுதான் கேள்வி. வீட்டிலோ, 15 ஆம்பியர் பிளக் தருவது மூன்று கிலோவாட்டுக்குச் சற்று மேல். செல் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் மூன்று யூனிட் ஸ்கூட்டருக்கு அங்கே ஒரு மணி நேரம் வேண்டும்.

வெள்ளி பேட்டரி வரப்போகிறதாம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி விலை ஏறுமா?

கொலுசுத் தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். 2020-ல் சாம்சங் ஆய்வகம், வெள்ளியும் கரியும் கலந்த ஐந்து மைக்ரோமீட்டர் அடுக்கு ஒன்றை வைத்து, ஆயிரம் தடவை சார்ஜ் தாங்கிய திட நிலை பேட்டரியை (உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்தது) அறிவித்தது உண்மை. லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து செல்லைக் குத்திவிடாமல் அந்த அடுக்கு தடுக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் “காருக்கு ஒரு கிலோ வெள்ளி” என்பது, கடைக்கே வராத பேட்டரிக்குப் போட்ட கணக்கு. வெள்ளியை இன்று நிஜமாகவே பெருமளவு விழுங்கும் மின்சாரத் தொழில் சோலார் பலகை. மற்றபடி வெள்ளி-துத்தநாக பேட்டரி பழைய கதை. நிலவில் ஓடிய அப்போலோ ஊர்தி அதில்தான் ஓடியது.

மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் மலைமலையாக மக்னீசியம் அடங்கிய வெள்ளைக்கல் கிடக்கிறதே, மக்னீசியம் பேட்டரி செய்ய முடியாதா?

நல்ல கேள்வி, நல்ல ஆசை. மக்னீசியம் அணு இரண்டு எலக்ட்ரான் தரும். கன அளவுக்குக் கணக்குப் போட்டால் லித்தியம் உலோகத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு மின்னூட்டம் கொள்ளும். 2000-ல் இஸ்ரேலில் டொரான் ஆவர்பாக் குழு, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறும் மக்னீசியம் பேட்டரியைச் செய்து காட்டியது. ஆனால் அதன் மின்னழுத்தம் சுமார் ஒன்றேகால் வோல்ட்டுக்குள்; லித்தியம் மூன்றுக்கு மேல். இரட்டை மின்னூட்டம் சுமந்த அயனி போகிற வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. உலோகத்தின் மேல் படியும் படலம் லித்தியத்துக்குக் காவல், மக்னீசியத்துக்குப் பூட்டு.

நம் வெள்ளைக்கல் இன்றுவரை போவது உருக்காலை உலைகளின் உட்சுவர்ச் செங்கலுக்கு. அதை உலோகமாக்கவே மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாக வேண்டும். மலையில் கல் இருப்பது ஒரு தொழிலுக்குப் போதாது.

சோடியம் பேட்டரி வந்தால் லித்தியம் ஒழிந்துவிடுமா?

ஒழியாது. 2021-ல் சீனாவின் சி.ஏ.டி.எல். நிறுவனம் கிலோவுக்கு 160 வாட்-மணி சோடியம் செல்லை அறிவித்தபோது எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். 2022 இறுதியில் பேட்டரிக்கு வேண்டிய மூலப்பொருளான லித்தியம் கார்பனேட் டன் ஆறு லட்சம் யுவானை நெருங்கியது. சோடியத்துக்கு நல்ல காலம். 2024 தொடக்கத்தில் அதே லித்தியம் ஒரு லட்சத்துக்கு இறங்கியது. சோடியத்தின் விலை லாபம் ஆவியானது. ஒரு புதிய பேட்டரி ஜெயிக்க, அறிவிப்பு வந்த நாளின் பழைய பேட்டரியைத் தோற்கடித்தால் போதாது. தானும் ஓடிக்கொண்டே இருக்கும் பழைய பேட்டரியை அது பிடிக்க வேண்டும்.

சோடியத்தில் எனக்கு ஆர்வம் தருவது கரி. கிராஃபைட்டுக்குப் பதிலாக அதற்கு வேண்டிய கடின கரியைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்யலாம். 2000-ல் கனடாவில் ஸ்டீவன்ஸ், டான் இருவரும் குளுக்கோஸிலிருந்து செய்து காட்டினார்கள். குளுக்கோஸ் தரும் மரவள்ளி மாவில் மிதக்கும் மாவட்டம் இது. யாராவது முயன்று பார்க்கட்டும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தூரம் அதிகமில்லை. சோடியம் செல்லில் செம்புத் தகட்டுக்குப் பதில் இரண்டு பக்கமும் அலுமினியமே போதும் என்பது இன்னொரு வசதி. ஏற்காட்டு பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கிய காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

திட நிலை பேட்டரி வரும்வரை காத்திருக்கலாமா?

டொயோட்டா 2017-ல் சொன்னது 2020-களின் தொடக்கம். இப்போது சொல்வது 2027, 2028. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல. திடப்பொருள் இரண்டு ஒட்டிக்கொண்டே இருக்க அழுத்தம் வேண்டும். சல்பைடு வகை காற்றின் ஈரம் பட்டாலே நச்சுவாயு விடும். தொழிற்சாலை முழுவதையும் உலர்வாக வைக்க வேண்டும். வந்தாலும் முதலில் விலை உயர்ந்த கார்களில் வரும். உங்கள் வண்டி பழையதாகிவிட்டது என்றால் இப்போதே எல்.எஃப்.பி. வாங்குங்கள். நன்றாக ஓடுகிறது என்றால் ஓட்டுங்கள். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் விலை கொஞ்சம் இறங்கும், அவ்வளவே.

தீப்பிடிக்கும் என்கிறார்களே?

2022-ல் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு மத்திய அரசு, மின்சார வண்டிகளின் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு வந்த வண்டிகளைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. பயமெல்லாம், பழைய லேப்டாப் செல்களைக் கோத்து மலிவாகக் கட்டித் தரும் பேட்டரியைப் பற்றித்தான். ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகை இல்லாத தொகுப்பை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

ஈய பேட்டரிக்குக் கடையிலேயே விலை உண்டு. ஏறக்குறைய முழு ஈயமும் மறுபடி பேட்டரியாகிறது. அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கூட்டை மட்டும் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள்; நீங்கள் அமிலத்தைக் கொட்டாமல் முழுதாகக் கொண்டுவாருங்கள். லித்தியத்தில் நிக்கலும் கோபால்ட்டும் உள்ளதைத்தான் மறுசுழற்சிக்காரர்கள் ஆசையாக எடுக்கிறார்கள். எல்.எஃப்.பி.யில் அந்த இரண்டும் இல்லாததால் மதிப்புக் குறைவு. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரித்தவருடையது; பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். வீங்கிய செல்லைக் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். மணல் நிரப்பிய வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு, விற்ற கடைக்குப் போன் செய்யுங்கள்.